நடுவரப்பு விழுந்த சேதி

என் அருமை மாப்ளே, யார் பேச்சையும் கேட்காத கலியபெருமாளே,

நேற்று உனக்கு முதல் தெவசம். சாம்பார் நன்றாக இருந்தது. நேரம் கழித்துப் பசியோடு உட்கார்ந்ததால் இன்னும் நன்றாக இருந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் உன்னைப் பற்றிப் பேசினார்களே, அதுதான் வாயில் வைக்க விளங்கவில்லை. நீ வள்ளலாம். நீ தீர்க்கதரிசியாம். பள்ளத்தில் வேலை செய்கிறவர்களின் உயிரைக் காக்கும் தெய்வமாம். பள்ளிக்கூட நாளிலிருந்து உன்னை எனக்குத் தெரியும். வில்லியனூர் தேர்த் திருவிழாவில் ஐஸ்காரனிடம் பேரம் பேசிப் பேசியே ஐஸை உருகவிட்டவன் நீ. அந்த ஆள் எப்போது தெய்வமானான்?

இதெல்லாம் உன் பங்காளி ஆறுமுகத்தின் வேலை. உன் சித்தப்பா மகன், நீ உயிரோடு இருந்தவரை உன் முகத்தில் விழிக்காதவன். தெவசத்துக்கு முன்னால் ஒரு நாள் என் இரும்புக்கடைக்கு வந்து நின்றான். உன் படம் போட்டு நோட்டீஸ் அடிக்கிறானாம்.

"மச்சான், எழுதறதுல நீங்க கில்லாடி. அண்ணனப் பத்தி உருக்கமா நாலு வரி எழுதிக் குடுங்க."

"இன்னான்னு எழுதறது?"

"காவல் தெய்வம்னு போடுங்க. ஊரே அதான சொல்லுது."

அந்த நாலு வரியை நான் எழுதித் தரவில்லை. கடப்பாறை விலை கேட்கிற ஆள் வந்ததும் அவன் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம். நோட்டீஸைப் படித்த அத்தனை பேரும் இதையும் படிக்கட்டும். உனக்கு வருத்தமாக இருந்தால் வந்து கேள்.

உன் குடும்பத்துக் கதையை முதலில் சொன்னால்தான் படிக்கிறவர்களுக்குப் புரியும். உன் அப்பாவும் ஆறுமுகத்தின் அப்பாவும் கூடப்பிறந்தவர்கள். பிரெஞ்சுக்காரன் காலத்தில் பத்திரம் எழுதுகிற நொத்தேரிடம் போய், சேதராப்பட்டு வழியில் இருந்த செம்மண் மேட்டைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். குறுக்கே வெட்டியிருந்தால் ஆளுக்கு ஒரு சதுர நிலம் கிடைத்திருக்கும். ஆனால் ஒருவனுக்கு ரோட்டோரம் வரும், இன்னொருவனுக்குப் பின்பக்கம் வரும். யாருக்கு மனசு வரும்? வேட்டியைக் கிழிப்பதுபோல நீளவாக்கில் கிழித்தார்கள். இருவருக்கும் ரோடு கிடைத்தது. இருவருக்கும் சந்து மாதிரி ஒரு நிலமும் கிடைத்தது. நடுவில் ஒரு வரப்பு, அதன்மேல் வரிசையாகப் பனைமரம். வரப்பு பொது, பனை பொது, நுங்கு பொது. சண்டையை மட்டும் ஆளுக்கு முழுசாக வைத்துக்கொண்டீர்கள்.

மல்லாட்டைக் கடலை போட்டிருந்தவரைக்கும் அந்தச் சந்து நிலத்தால் ஒரு கேடும் இல்லை. எமர்ஜென்சி வந்து போன பிறகு ரோடு போடுகிறேன், கட்டடம் கட்டுகிறேன் என்று லாரிகள் செம்மண் கிராவல் தேடி வர ஆரம்பித்தன. மூலக்குளம் பக்கம் வூடு கட்ட இடம் வாங்கினவனெல்லாம் பள்ளத்தை ரொப்ப மண் கேட்டான். நீ குவாரி போட்டாய். மறுமாசமே ஆறுமுகமும் போட்டான். நடுவரப்புக்கு வடக்கே உன் குழி, தெற்கே அவன் குழி.

குழியென்றால் கீழே போகப்போகச் சுவரைச் சாய்த்து வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் படி விட்டு இறங்க வேண்டும். களத்தில் நெல்லைக் கொட்டினால் அதுவே ஒரு சாய்வில் வந்து நிற்கிறது. இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. ஆனால் சுவரைச் சாய்த்தால் அந்தச் சாய்வுக்குள் இருக்கிற மண் விற்காது. அது அங்கேயே நிற்கும். உன் நிலமோ சந்து. இரண்டு பக்கமும் சாய்த்தால் அடியில் ஒரு லாரி திரும்பக்கூட இடம் இருக்காது. அடியில் இருப்பதுதான் கெட்டியான நல்ல கிராவல், நல்ல விலை போகும். ஆகவே நீ நேராக வெட்டினாய். வீட்டுச் சுவர் மாதிரி, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்த மாதிரி வெட்டினாய். அவனும் அப்படியே வெட்டினான். உங்கள் அப்பாக்கள் கௌரவத்துக்காக நிலத்தை நீளமாகக் கிழித்தார்கள், நீங்கள் அந்தக் கிழிசலை ஆழமாகத் தோண்டினீர்கள்.

ஓவர்சீயர் ஒருத்தர் வந்தாரே, ஞாபகமிருக்கிறதா? குடையைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றபடியே எட்டிப் பார்த்தார். கீழே இறங்கவில்லை. அந்த அளவுக்கு அவருக்குப் புத்தி இருந்தது.

"சொவுரு ரொம்ப நேரா நிக்குதேப்பா. படி வுட்டு வெட்டக்கூடாதா?"

"படி வுட்டா அவ்ளோ மண்ணும் உள்ளயே நின்னு பூடும் சார். அத்த யாரு எனக்குக் குடுப்பா, கவர்மெண்டா?"

அவர் இளநீர் குடித்தார். வழுக்கையையும் தோண்டிச் சாப்பிட்டார். ஜீப்பில் ஏறும்போது "பாத்துக்கோங்க" என்றார். நீயும் "பாத்துக்கறேன் சார்" என்றாய். அதோடு அரசாங்கம் தன் கடமையை முடித்துக்கொண்டது. ஜீப் போன பிறகு நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை.

அன்றைக்கே உன்னிடம் கேட்டேன். "மாப்ளே, அது வுழுந்தா இன்னா பண்ணுவ?"

"செம்மண்ணு மச்சான் இது. கல்லு மாதிரி நிக்கும். எத்தினி வருசமா நிக்குது பாத்தியா?"

"காஞ்சப்ப நிக்கும். ஊறினா?"

"இரும்பு விக்கறவனுக்கு மண்ணப் பத்தி இன்னா தெரியும்? போய்க் கடையப் பாரு மச்சான்."

போய்க் கடையைப் பார்த்தேன். வியாபாரிக்கு மண் தெரியாது, சரி. சேதாரம் தெரியும். சரக்கு வாங்கும்போதே எதெது துருப்பிடிக்கும், எதெது திரும்பி வரும் என்று ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் லாபத்தைப் பற்றி யோசிப்போம். நீ விற்ற மண்ணை மட்டும் வருமானம் என்று பார்த்தாய். சுவர் விழுந்தால் அதை அள்ளிப்போடுகிற கூலி, அள்ளுகிறவரைக்கும் வேலை நின்றுபோவது, காத்திருக்கச் சலித்து லாரிக்காரன் வேறு குவாரிக்குப் போய்விடுவது, லாரி இறங்குகிற வழியே மூடிப்போனால் கீழே இருக்கிற நல்ல மண்ணும் செல்லாமல் போவது, இதில் ஒன்றைக்கூட உன் மண்டை தொட்டுப் பார்க்கவில்லை. சாய்வு விடாமல் மிச்சம் பிடித்தேன் என்றாயே, அந்த மிச்சமெல்லாம் அந்தச் சுவரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. இரண்டு குழிக்கும் நடுவே நின்ற அந்த வரப்புக்குள்ளும் அதே கிராவல்தான் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து அதை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஆளுக்குப் பாதி விற்றிருந்தால் சுவரே இருந்திருக்காது. சந்து இரண்டும் சேர்ந்து ஒரே அகலமான குழியாகியிருக்கும். வெளிப்பக்கத்துச் சுவர்களைத் தாராளமாகச் சாய்த்திருக்கலாம். நான் இதை உன்னிடம் சொன்னபோது நீ என்னவோ உன் பெண்டாட்டி தனத்தின் தாலியை அறுக்கச் சொன்ன மாதிரிப் பார்த்தாய்.

"அவன் ஒரு லோடு கூட எடுத்துட்டா?"

"நீ ஒரு லோடு கூட எடுத்துக்க."

"அப்ப அவன் சண்டைக்கு வருவான்."

"இப்ப மட்டும் இன்னா, கொஞ்சிக்கிட்டா இருக்கீங்க?"

நீ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டாய். ஆறுமுகத்திடம் போய்ச் சொன்னேன். அவன் அதே கேள்வியைக் கேட்டான். ஒரு எழுத்து மாறவில்லை. தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடையாக வேண்டும் என்பார்களே, அந்தச் சொல்லுக்கு மூக்கும் முழியுமாக இரண்டு பேரை அன்றுதான் பார்த்தேன்.

எடுக்கத்தான் மனசு வரவில்லை. வரப்பின்மேல் போட மனசு வந்தது. மேல்மண் விலை போகாது, அதை வழித்து எங்கேயாவது கொட்டியாக வேண்டும். சொந்த நிலத்தில் கொட்டினால் நாளைக்கு அங்கே தோண்ட இடைஞ்சல். எனவே இந்தப் பக்கத்திலிருந்து நீயும் அந்தப் பக்கத்திலிருந்து அவனும் நடுவரப்பின் தலையில் கொட்டினீர்கள். இரண்டு பக்கமும் சுரண்டி இளைத்துப்போன சுவர், தலையில் வருஷக்கணக்கில் சுமை. பனைமரங்கள் இடுப்பளவு மண்ணில் புதைந்து நின்றன. பொது என்றால் நம் ஊரில் குப்பை கொட்டுகிற இடம் என்றுதானே அர்த்தம்?

பிறகு வெடிப்பு விட்டது. வரப்பின்மேல், உன் பக்கத்து ஓரத்தை ஒட்டி, நீளமாக. கை நுழையும் அகலம். நீ ஒரு கூடை மண்ணைக் கொட்டிக் காலால் மிதித்து மூடினாய். ஆறுமுகம் தன் பக்கத்து வெடிப்பை ஏற்கெனவே மூடியிருந்தான். உன் வெடிப்பை அவன் பார்த்தால் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் போய்ச் சொல்லி உன் குவாரியை நிறுத்திவிடுவான் என்று உனக்குப் பயம். அவனுக்கும் உன்மேல் அதே பயம். மூடி மறைக்கிறதில் மட்டும் உங்கள் குடும்பத்து ஒற்றுமை அபாரம்.

உன்னிடம் கூடை சுமந்த பெண்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு அந்தச் சுவரடிதான் கதி. மொட்டை மேட்டில் வேறு நிழல் ஏது? குப்பம்மா தூக்குச்சட்டியைத் திறக்கும்போது மேலேயிருந்து பொடிமண் கஞ்சியில் விழும். அவள் விரலால் எடுத்து எறிந்துவிட்டுக் குடிப்பாள். ஒரு நாள் நான் இருக்கும்போது உன்னைக் கேட்டாள், "மொதலாளி, ஒரு கொட்டா போட்டுத் தரக்கூடாதா? தள்ளிப் போய்க் குந்துவோம்." நீ சொன்ன பதில் என் காதில் இன்னும் இருக்கிறது. "சொவுத்து நெழலு சும்மா கெடக்குது, கொட்டா எதுக்கு?"

நல்ல கணக்கு மாப்ளே. கீற்றுச் செலவும் மிச்சம்.

அப்புறம் நீ செத்துப்போனாய். குவாரியிலா? இல்லை. கடைத்தெருவில், டீக்கடை பெஞ்சில், கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு மார்பைப் பிடித்தாய். அவ்வளவுதான். கடைப்பையன் ஓடிவந்து சொன்னபோது நான் தராசில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். ஆணியெல்லாம் தெருவில் கொட்டிவிட்டது. அதையெல்லாம் இப்போது எழுத எனக்குத் தெம்பில்லை. அழுதேன் என்று மட்டும் வைத்துக்கொள்.

பங்காளி செத்தால் பங்காளிக்குத் தீட்டு. பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் தீட்டு உண்டு. உன் கருமாதி முடிகிறவரை உன் குவாரியும் மூடிக் கிடந்தது, ஆறுமுகத்தின் குவாரியும் மூடிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து ஐப்பசி மழை கொட்டியது. தண்ணீரை இறைத்துவிட ஆளில்லாமல் இரண்டு குழியிலும் தேங்கிச் சுவரின் அடியை ஊறவைத்தது. மழை விட்டு, பளிச்சென்று வெயில் அடித்த ஒரு மத்தியானம், சாப்பாட்டு வேளையில், நடுவரப்பின் முன்பாதி உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் சரிந்து விரிந்தது. பனைமரங்கள் தலைகீழாக உள்ளே போயின. கருமாதிக்குப் பிறந்த வீட்டுக் கோடித்துணி கொண்டுவந்திருந்த நான் உன் வீட்டில்தான் இருந்தேன். லாரி கவிழ்ந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

என் தங்கச்சி தனமும் நானும் உன் மகன் சேகரும் ஓடிப்போய்ப் பார்த்தோம். ஆறுமுகம் எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தான். குப்பம்மா கூட்டம் வழக்கமாக உட்காருகிற இடத்தில் இரண்டாள் உயரத்துக்கு மண். அதன்மேல் ஒரு பனைமரம் குறுக்கே கிடந்தது. வேலை நடந்திருந்தால் அத்தனை பேரும் அதற்கடியில்தான். தனம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்போது உன் பங்காளி வாயைத் திறந்தான்.

"ஐயோ, எம் மோட்டாரு!"

தண்ணி இறைக்கிற மோட்டார் உள்ளே போய்விட்டதாம். அதற்கடுத்து அவன் கேட்டது இன்னும் உசத்தி. "அண்ணி, எம் பக்கத்து மண்ணு எவ்ளோ ஒங்க பக்கம் வந்துகீதுன்னு அளந்து பாத்துடலாமா?"

நான் அவனை அடித்திருப்பேன். தனம்தான் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விழுந்த மண் ஒரு காசுக்கு ஆகவில்லை. கிராவலும் மேல்மண்ணும் பனை வேரும் ஒன்றாகக் கலந்து சேறாகிவிட்டது. லாரிக்காரர்கள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்கள். லாரி இறங்குகிற வழி இரண்டு பக்கமும் மூடிப்போனது. கதாஸ்தர் சர்வே நம்பரைப் பார்த்து நிலத்தை அளக்க வந்தவர், எல்லை எங்கே என்று கேட்டார். எல்லையே விழுந்து கிடக்கிறது என்றேன். வாடிக்கையெல்லாம் வேறு குவாரிக்குப் போயிற்று. கூலிக்காரர்களும் போனார்கள். விழுந்ததை அள்ளிக் கொட்டி வழி உண்டாக்குவதற்குள் நீ நேராக வெட்டி மிச்சம் பிடித்ததெல்லாம் போய், தனத்தின் கழுத்தில் கிடந்ததும் போயிற்று. இந்தக் குழியைத் தவிர அவளுக்குச் சோறு போட வேறு என்ன வைத்துவிட்டுப் போனாய், சொல்லேன்?

ஆனால் ஊர் என்ன பேசியது தெரியுமா? கலியபெருமாள் செத்ததால்தான் குவாரி மூடியிருந்தது, மூடியிருந்ததால்தான் குப்பம்மா கூட்டம் பிழைத்தது, ஆகவே கலியபெருமாள்தான் காப்பாற்றினான். தெய்வமாக நின்று காப்பாற்றினான். சுவரை அப்படி நிறுத்தி வைத்தவன் யார் என்று ஒருத்தன் கேட்கவில்லை. உயிரோடு இருந்து நீ உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை, செத்து ஒரு காரியம் செய்தாய். அதுவும் உன்னைக் கேட்காமல் நடந்தது.

இந்தப் பேச்சில் ஆறுமுகத்துக்கு ஒரு வியாபாரம் தெரிந்தது. வரப்பின் பின்பாதி இன்னும் செங்குத்தாக நிற்கிறதே, அதன் இரண்டு பக்கமும் அடியில் தொடாத கிராவல் கிடக்கிறது. உன் மகன் சேகரைக் கூப்பிட்டுப் பேசினான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தோண்ட ஆரம்பிப்பது, சாய்வும் படியும் விட்டு மண்ணை வீணாக்காமல் பழையபடி நேராகவே போவது, காவலுக்குக் குழியோரம் உன் பேரில் ஒரு கல் நட்டு, மஞ்சள் பூசி, படையல் போட்டுவிடுவது. கூலிக்காரர்களும் பயமில்லாமல் வருவார்கள். காவல் தெய்வத்துக்குச் சம்பளம் கிடையாது பார்.

உன் மகன் தலையாட்டினான். மாடு தாண்டுகிற வேலியைக் கன்றும் தாண்டுமே. "மாமா, அம்மாவுக்கு வருமானம் வேணும். சாச்சு வெட்டினா பாதி மண்ணுகூடக் கைக்கு வராது" என்று எனக்கே கணக்குச் சொன்னான். குரல் அப்படியே உன் குரல். எனக்கு எரிச்சலும் வந்தது, கண்ணும் கலங்கியது.

நேற்று குழியோரம் பந்தல் போட்டிருந்தார்கள். கல் வந்திருந்தது. பூசாரி வந்திருந்தார். நான் முதலில் சொன்னேனே, அந்தப் பேச்செல்லாம் முடிந்தது. மறுநாள் வேலைக்கு வரச் சொல்லியிருந்ததால் குப்பம்மாவும் மற்றவர்களும் தள்ளி நின்றிருந்தார்கள். கல்லை நிமிர்த்தப் போகும்போது தனம் எழுந்து வந்தாள்.

"கல்லு அப்புறம் நடலாம் தம்பி. மொதல்ல சாப்புட்டுடலாம். இலைய நான் கீழ போட்டிருக்கேன்."

"கீழன்னா, எங்க அண்ணி?" என்றான் ஆறுமுகம்.

"பள்ளத்துல, நிக்குற சொவுத்துக்கு அடியில. அவரு காவல் காக்கற எடம் அதான? அங்கயே குந்தி சாப்புடுங்க. ஒம் பொண்டாட்டி புள்ளைங்களயும் இட்டுக்கினு வா."

எட்டிப் பார்த்தேன். நிஜமாகவே சுவரடியில் பாய் விரித்து, வரிசையாக இலை போட்டு, தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள். யாரிடமும் சொல்லாமல் விடிகாலையிலேயே செய்திருக்கிறாள். பந்தலில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தனுக்கு வயிறு சரியில்லையாம். ஒருத்தன் விரதமாம். பந்தியில் உட்காரச் சொன்னால் இலை ஓட்டை என்கிற கூட்டம். ஆறுமுகம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

தனம் லாரி வழியில் இறங்கிப்போய் முதல் இலையின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவள் தலைக்கு நேர் மேலே, வேர் தெரிய ஒரு பனைமரம்.

சேகர் ஓரத்தில் நின்று கத்தினான். "யம்மா! மேல வாம்மா! வெளாடாத!"

"ஏன்டா? ஒங்கப்பாதான் இருக்காரே."

"அது வுழும்மா!"

"வுழுமா? தெரியுமா ஒனக்கு?" என்றாள் தனம். குரலை உயர்த்தவே இல்லை. "நாளைக்குக் குப்பம்மா இங்க குந்தறப்ப மட்டும் வுழாதா?"

சேகர் இறங்கி ஓடினான். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான். அவள் வரவில்லை. பிறகு அந்தப் பிள்ளை என்ன செய்தான் தெரியுமா? இழுப்பதை விட்டுவிட்டு, அவளுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, மேலே பார்த்து, "சித்தப்பா, சொவுத்த எடுத்துடலாம்னு சொல்லு! சொல்லித் தொலை!" என்று அழுதான். விழுகிற மண்ணை அவன் முதுகு தாங்கிவிடும் என்கிற மாதிரி.

அந்த அவசரத்திலும் உன் பங்காளி யோசித்தான். என் கண்ணால் பார்த்தேன். உதடு அசைந்தது, லோடு கணக்கு ஓடியது. குப்பம்மா அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "சொல்லு மொதலாளி" என்றாள். அப்புறம்தான் வாயைத் திறந்தான்.

"சரி அண்ணி. வரப்ப மேலருந்தே எடுத்துடலாம். ஆளுக்குப் பாதி."

"வெளிப்பக்கம்?"

"படி வுட்டே வெட்டிக்கலாம். ஏறி வாங்க."

இன்று காலையில் வேலை ஆரம்பித்தாகிவிட்டது. பனைமரங்களை முதலில் வெட்டி இறக்குகிறார்கள். பிறகு தலையில் ஏற்றிய சுமை. பிறகு வரப்பு. ஒரு நடை உன் வீட்டுக் கணக்கில், ஒரு நடை அவன் வீட்டுக் கணக்கில். கிடைக்கிற மண் முன்பு நினைத்ததைவிடக் குறைவுதான். தனம் கொஞ்ச நாளைக்குச் சிக்கனமாகத்தான் இருக்க வேண்டும். குப்பம்மா கூட்டத்துக்குத் தள்ளி ஒரு கொட்டகை போடச் சொல்லி அவள்தான் கீற்று வாங்க அனுப்பினாள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் மாப்ளே. நேற்று ஆறுமுகம் நின்ற இடத்தில் நீ நின்றிருந்து, தனம் அப்படிப் போய்க் கீழே உட்கார்ந்திருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? ராத்திரியெல்லாம் இதைத்தான் யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். இறங்கியிருப்பாய் என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு லோடு மண்ணுக்காக ஒரு நிமிஷம் யோசித்திருப்பாய், ஆனால் இறங்கியிருப்பாய். அவளைக் காதலித்துக் கட்டிக்கொண்டவன் நீ, எனக்குத் தெரியாதா? அப்படியானால் குப்பம்மா உட்கார்ந்திருந்த இத்தனை வருஷமும் ஏன் உனக்கு ஒன்றும் தோன்றவில்லை? அவளும் ஒருத்தனுக்குத் தனம்தானே?

இதை நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். உன் பேரில் எந்தக் கல்லையும் நட விடமாட்டேன், மஞ்சள் பூச விடமாட்டேன், இது சத்தியம். தெய்வமாகிவிட்டால் உன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நீ கலியபெருமாளாகவே இரு. கஞ்சன், பிடிவாதக்காரன், என் சிநேகிதன். ஒவ்வொரு தெவசத்துக்கும் வந்து உன்னை வாய் வலிக்கத் திட்டிவிட்டுப் போகிறேன். என்னைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள் உனக்கு, அதைச் செய்ய?

உனக்குத் தங்கச்சியைக் கொடுத்த மச்சான்,
ராஜமாணிக்கம்